காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்கு லான்சிங்கில் வேலை நிலைத்துவிட்டது, பிள்ளைகளும் புதுப் பள்ளிக்குப் பழகிவிட்டார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கைத்தடி இல்லாமலே தெருமுனை வரை போய்வருகிறார்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டேன், வெள்ளைவால் மானுக்கு முதல் சீசனை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் சிறைதான். அதனால் இதில் நமக்கு அப்பன் பாட்டன் வழி வந்த பாடம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இந்த மிச்சிகன் மாநிலத்தின் நிலைமை வேறு. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 20 லட்சம் மான் இருக்கிறது. தென் பகுதியில் பெரிய மானை அடிக்கும் ஓநாயும் இல்லை. எண்ணிக்கையை அடக்கிவைப்பது வேட்டைக்காரர்தான். பொறுப்பும் அதற்குத் தகுந்த மாதிரி பெரியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அலுவலகத் தோழர் எச்-1பி விசாவில் இருக்கிறார், கூட வர ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். அந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் கைக்கு வரும் முன் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடாதே. வில்லுக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு வாங்கிவிட்ட உனக்கு இந்தச் சிக்கலே இல்லை.

சீசன் என்பது ஒன்று என்று நினைக்காதே. அக்டோபர் 1-ல் வில் சீசன் தொடங்குகிறது. நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி. டிசம்பரில் மறுபடி வில், நடுவில் சில நாள் குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. இந்த மூன்று மாதத்தில் மான் நடக்கும் காரணம் நாலு தடவை மாறுகிறது. முதல் வாரத்தில் நல்ல இடமாக இருந்த பரண் மூன்றாம் வாரத்தில் வெறும் மரம். மான் இப்போது எதற்காக எழுந்து நடக்கிறது என்று கண்டுபிடித்தால், எங்கே உட்காருவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் சோயா வயல் ஓரமாகக் காரை நிறுத்தி, பொழுது சாயும் நேரத்தில் பைனாகுலரில் பார். எந்த மூலையிலிருந்து வெளியே வருகின்றன என்று குறித்துக்கொள். செப்டம்பர் தொடக்கத்தில் கிடாக்களின் கொம்பிலிருந்து தோல் உரியும். அதுவரை கூட்டாகத் திரிந்தவை அப்புறம் பிரிந்துவிடும், இடமும் மாறும். ஆகஸ்டில் பார்த்த கிடா அக்டோபரிலும் அங்கேயே இருக்கும் என்று நம்பிப் பரண் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. தானியங்கிக் கேமராவை வடக்குப் பார்த்து, இடுப்பு உயரத்தில் கட்டு. கிழக்கும் மேற்கும் பார்த்தால் வெயில் நேரே லென்ஸில் விழுந்து படம் வெளுத்துப்போகும். கார்டு எடுக்க நடுப்பகலில் போ, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினமும் போனால் உன் வாடைதான் அங்கே தங்கும்.

அரசு நிலத்தில் பரண் கட்டுவதாக இருந்தால் செப்டம்பர் 1-க்கு முன் வைக்கக் கூடாது, மரப்பட்டையைத் துளைக்கும் ஆணியோ திருகோ கூடாது. உன் பெயரும் முகவரியும் அதில் தெரிய வேண்டும். தனியார் நிலமானால் முன்கூட்டியே போய் அனுமதி கேள். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 450 அடிக்குள், அவர்கள் அனுமதி இல்லாமல், துப்பாக்கி வேட்டை கூடாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாநில இயற்கைவளத் துறையான டி.என்.ஆர். வெளியிடும் கையேட்டின் இந்த ஆண்டுப் பதிப்பை எடுத்து உன் மாவட்டத்துக்கு உரியதை முழுக்கப் படித்துவிடு.

பரண் 15 முதல் 20 அடி உயரம் போதும். அதற்கு மேலே போனால் சுடும் கோணம் செங்குத்தாகி, இரண்டு நுரையீரலிலும் படவேண்டிய குண்டு ஒன்றில் மட்டும் படும். மரத்திலிருந்து விழுகிறவர்களில் பலர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் நொடியில்தான் விழுகிறார்கள். அதனால் உடம்பு முழுக்கப் பிடிக்கும் கச்சையைத் தரையிலேயே மாட்டிக்கொள். மரத்தின் அடியிலிருந்து உச்சி வரை பாதுகாப்புக் கயிறு கட்டி, அதில் நழுவும் முடிச்சைக் கையோடு மேலே நகர்த்திக்கொண்டே ஏறு. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே. தோட்டா எடுத்துவிட்டு, குழல் கீழ்நோக்கி இருக்கும்படி கயிற்றில் கட்டி, மேலே போன பிறகு இழுத்துக்கொள். பரணைக் கட்டும் போன வருடத்து வார்ப்பட்டைகள் வெயிலில் நைந்திருக்கும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடு.

இனி காற்று. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மானின் கண்ணை ஏமாற்றலாம். ஆரஞ்சு நிறமும் சிவப்பும் அதற்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. ஆனால் நீலமும் புற ஊதாவும் நம்மைவிட நன்றாகத் தெரியும். சட்டப்படி போடவேண்டிய பளீர் ஆரஞ்சுச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாதே, நீல ஜீன்ஸைத்தான் தவிர்க்க வேண்டும். வெளுப்பு கூட்டும் சோப்புத்தூளில் துவைத்த துணியும் அதன் கண்ணுக்கு மின்னும். மூக்கை மட்டும் ஏமாற்ற வழியே இல்லை. கடையில் விற்கும் வாடை நீக்கும் தெளிப்பான் எல்லாம் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மான் வரும் பக்கத்திலிருந்து உன் முகத்துக்குக் காற்று அடிக்க வேண்டும், அல்லது குறுக்கே போக வேண்டும். காற்று தோதாக இல்லாத நாளில் அந்தப் பரணுக்குப் போகாமல் இருப்பதே வேட்டை. இரண்டு மூன்று இடம் வைத்துக்கொண்டால் எந்தக் காற்றுக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

காற்றுப் பார்க்க மாவுப்புட்டி விற்கிறார்கள். அதைவிட நல்லது சாலையோரத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மில்க்வீட் என்று ஒரு செடி, நம் எருக்குக்குச் சொந்தக்காரன். ஒடித்தால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. செப்டம்பர் கடைசியில் நாலைந்து காயைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள். பரணில் உட்கார்ந்து ஒரு விதையைப் பஞ்சோடு விரலில் எடுத்து விடு. மாவு பத்தடியில் மறைந்துவிடும். இந்தப் பஞ்சு ஐம்பது கஜம் வரை கண்ணுக்குத் தெரியும். நேரே போகும், சட்டென்று ஒரு மேட்டருகே சுழலும், அப்புறம் ஓடைப் பள்ளத்தில் இறங்கும். உன் வாடையும் அந்த வழியாகத்தான் போகிறது. காலையில் வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே ஏறும். சாயங்காலம் குளிர்ந்து தாழ்வான சதுப்பை நோக்கி இறங்கும். ஆகவே சாயங்காலம் பள்ளத்தில் படுத்திருக்கும் மானுக்கு மேட்டில் உட்கார்ந்தால், வானிலை அறிக்கை என்ன சொன்னாலும் உன்னை அது கண்டுபிடித்துவிடும்.

அக்டோபர் முதல் பாதியில் எல்லாம் தீனிதான். வெள்ளை ஓக் மரத்தின் இலை நுனி உருண்டு இருக்கும், சிவப்பு ஓக்குக்குக் கூர்மையாக இருக்கும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது விழத் தொடங்கினால் மான் சோயாவை மறந்துவிடும். அக்டோபர் நடுவில் மான் காணாமல் போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். எங்கேயும் போகவில்லை, வயலைவிட்டுக் காட்டுக்குள் ஓக் அடிக்குப் போயிருக்கிறது. கொட்டையின் மூடி கடித்துத் துப்பிக் கிடக்கிறதா, புழுக்கை ஈரமாக இருக்கிறதா என்று மரமரமாகப் பார். வயல் ஓரத்துப் பரணுக்குக் காலையில் போகாதே, இருட்டில் நீ நடக்கும்போது மான் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் மட்டும் போ.

அக்டோபர் கடைசி வாரத்தில் கிடாக்கள் மண்ணைச் சுரண்டும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் மேலே, மானின் முகத்தளவில், ஒரு கிளை நுனி மென்று ஒடிந்திருக்கும். நெற்றியையும் கண்ணோரத்தையும் அதில் தேய்த்து அடையாளம் விட்டுப்போகும். வயல் ஓரத்துச் சுரண்டலுக்குப் பெரும்பாலும் இரவில்தான் வரும், அடர்த்திக்குள் இருப்பதன் பக்கம் உட்கார். நவம்பர் முதல் இரண்டு வாரம் கிடா பெட்டையைத் தேடி நாள் முழுக்க நடக்கும். இரண்டு காடுகளை இணைக்கும் ஒடுக்கமான மரவரிசை, ஓடை கடக்கும் இடம், பெட்டைகள் படுக்கும் புதரைக் கடந்து காற்று போகும் பக்கத்து ஓரம், இவைதான் இடம். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வராதே, காலை 10-லிருந்து மதியம் 2 வரை பெரிய கிடா நடமாடும் நேரம். நவம்பர் நடுவில் கிடாக்கள் ஒவ்வொரு பெட்டையோடு ஒதுங்கிவிடும், காடு வெறிச்சோடின மாதிரி இருக்கும். அப்போது சினை தங்காத பெட்டை சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும், ஆகவே டிசம்பரில் சின்னதாக இன்னொரு ஓட்டம் உண்டு.

நவம்பர் 15, என்ன கிழமையானாலும் துப்பாக்கி சீசன் தொடங்கும் நாள். அன்றைக்குக் காட்டில் ஆள் நடமாட்டம்தான் மானை நடத்தும். மற்றவர்கள் காரை எங்கே நிறுத்துகிறார்கள், எந்த வழியாக நுழைகிறார்கள் என்று பார்த்து, அவர்களிடமிருந்து தப்பிப் போகும் மான் எங்கே ஒளியும் என்று யோசி. சம்பங்கோரை அடர்ந்த சதுப்பு, நெருக்கமான புதர், யாரும் மதிக்காத சின்னத் திட்டு. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடு. டிசம்பரில் திரும்பவும் தீனிதான். கடும் குளிருக்கு முந்தின சாயங்காலம் அறுத்த மக்காச்சோள வயலில் இரு.

சுடுவதைப் பற்றி. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது உன்னைவிட்டுச் சற்று விலகி நிற்க வேண்டும். முன்னங்காலை ஒட்டிய பின்பக்கம், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. நேர் எதிரே பார்த்து நிற்பதையும் ஓடுவதையும் விட்டுவிடு. வில்லென்றால் முதல் வருடம் 20 கஜத்தைத் தாண்டாதே. வேட்டை அம்புமுனையை மாட்டியே பயிற்சி செய், பயிற்சி முனை போகிற இடத்துக்கு அது போகாது. துப்பாக்கியை 100 கஜத்தில், நீ வேட்டைக்கு வாங்கின அதே பெட்டித் தோட்டாவால் சரிபார்.

சுட்ட பிறகு இறங்காதே. மான் எப்படித் துள்ளியது, கடைசியாக எந்த மரத்தருகே மறைந்தது என்று மனசில் குறி. பின்னங்காலை உதைத்துப் பாய்ந்தால் நெஞ்சில் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்தால் வயிறு. அரை மணி நேரம் கழித்து, பட்ட இடத்துக்குப் போய்க் குனிந்து பார். இலையில் வெளிறின சிவப்பில் நுரைக்குமிழி இருந்தால் நுரையீரல், நூறு கஜத்துக்குள் கிடக்கும். கறுத்த செம்மண் நிறமாக, நுரையில்லாமல் இருந்தால் ஈரல், நாலு மணி நேரமாவது பொறு. பச்சை கலந்து, செரிக்காத தீனித் துணுக்கோடு நாறினால் குடல், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்த மான் எழுந்து ஒரு மைல் போய்விடும், யாருக்கும் கிடைக்காமல் வதைபட்டுச் சாகும். தொந்தரவு செய்யாவிட்டால் பெரும்பாலும் முதல் படுக்கையிலேயே முடிந்துவிடும். ரத்தம் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வை. தடம் விட்டுப்போனால் திரும்பிப் பார், அந்தத் தாள் வரிசை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். தடத்தின் மேல் நடக்காதே, பக்கத்தில் நட. நாய் வைத்துத் தேடித் தருபவர்கள் இருக்கிறார்கள், கயிற்றில் பிடித்த நாய்க்கு இங்கே அனுமதி உண்டு. சீசனுக்கு முன்பே ஒருவரின் எண்ணை வாங்கிவை.

மான் கிடைத்ததும் உரிமத்தோடு வரும் அட்டையைக் குறித்து அதன் மேல் கட்டிவிட்டு, அங்கேயே குடலை எடு. ஆசனவாயைச் சுற்றி வெட்டித் தளர்த்து. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி கிழி. கூர் கீழே திரும்பினால் குடல் கிழிந்து கறி கெடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வை வெட்டி, கையை உள்ளே விட்டுத் தொண்டைக்குழாயை எட்டின மட்டும் மேலே அறுத்து இழுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். மூத்திரப்பையை நசுக்காதே. பின்னங்கால் முட்டியின் உட்பக்கத்தில் இருக்கும் கறுத்த சுரப்பியைத் தொட்ட கையால் கறியைத் தொடாதே. அக்டோபரில் வெயில் 60, 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், உள்ளே ஐஸ் பைகளை வைத்துச் சீக்கிரம் 40-க்குக் கீழே கொண்டுவா. 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், 2022-லிருந்து இது கட்டாயம்.

தங்கச்சி கறியைப் பற்றிக் கேட்டிருந்தாளே, அவளுக்குச் சொல். சி.டபிள்யூ.டி. என்ற, மானின் மூளையைக் கெடுத்துக் கொல்லும் நோய் மிச்சிகன் காட்டு மான்களில் 2015-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் உங்கள் இங்கம் மாவட்டத்தில்தான். எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கிருமிப்புரதம் அழியாது. தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனியாகக் குறித்து உறையவை. நோய் இருந்தால் சாப்பிடக் கூடாது. மூளை, முதுகுத்தண்டு, நிணச்சுரப்பிகளை எப்படியும் ஒதுக்கிவிடுங்கள். மான் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், ஆட்டுக்கறிக்கு விடுவதுபோல விடாமல் முழுக்கச் சீவ வேண்டும். முதுகுக்கறியைப் பெரிய தீயில் மிளகு போட்டுச் சட்டென்று இறக்கணும், அதிகம் வெந்தால் தோல்தான். முன்னங்காலும் நல்லியும் குக்கருக்கு.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை உன் ஏணிப் பரணையும் கச்சையையும் காரில் போட்டுக்கொண்டு இங்கே வா. பட்டை, முடிச்சு எல்லாம் தரையில் வைத்தே ஒருதடவை சேர்ந்து பார்த்துவிடலாம். கயிறு 30 அடியாவது இருக்க வேண்டும், குறைவாக வாங்கிவிடாதே.

அன்புடன்,
கதிர்