புத்தகம் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே தெரியட்டும்

ஆசிரியருக்கு,

கல்லூரி நூலக இணையதளங்கள் மாணவர்களுக்கு எவ்வளவு பயன்படுகின்றன என்ற செய்தியைப் படித்தேன். பல தளங்களில் கட்டடத்தின் படமும் வேலை நேரமும்தான் இருக்கின்றன. வாசகர் தேடுவதோ, கேட்ட புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்பதை. நம் பக்கத்துச் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது.

சென்ற மாதம் என் மகள் ஒரு புள்ளியியல் நூலுக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போனாள். அதை யாரோ எடுத்துப் போயிருப்பது நூலகக் கவுன்டரில்தான் தெரிந்தது. இத்தனைக்கும் நூற்பட்டியல் கணினியில் இருக்கிறது, நூலகத்துக்குள் மட்டும்! கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளிலேயே அதை இணையத்தில் திறந்துவிடலாம். அப்புறம், என்-லிஸ்ட் என்ற, கல்லூரிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் மின்னூல்களுக்குக் கடவுச்சொல் பெறும் வழியையும் இணையதள முகப்பிலேயே தமிழில் போடட்டும்.

- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்