தூரத்தோடு ஏற்றத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூர சைக்கிள் பயண அறிவிப்புகளில் ‘200 கிலோமீட்டர்’ என்று தூரம் மட்டும் கொட்டை எழுத்தில் வருகிறது. மலைப்பாதைக்கு அந்த எண் பாதிச் செய்திதான். மொத்தம் எத்தனை மீட்டர் ஏறவேண்டும், மிகச் செங்குத்தான கிலோமீட்டர் எது, அது தொடக்கத்தில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று தெரிந்தால்தான் கலந்துகொள்பவர் வண்டியைத் தயார் செய்ய முடியும். 800 மீட்டர் ஏறும் 200 கிலோமீட்டரும் 3,000 மீட்டர் ஏறும் 200 கிலோமீட்டரும் ஒரே பயணம் அல்ல. இரண்டுக்கும் ஒரே கியரும் ஆகாது.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1982 முதல் நடந்துவரும் லா மார்மோட் என்ற சைக்கிள் பயணம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றம் 5,000 மீட்டர். கால் சோர்ந்த பிறகு, கடைசியில், 13.8 கிலோமீட்டர் நீளமும் சராசரி 8.1 சதவீதச் சரிவும் (100 மீட்டர் போனால் 8.1 மீட்டர் உயர்வு) 21 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட ஆல்ப் துவெஸ் ஏற்றம் காத்திருக்கிறது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற நெடும் சைக்கிள் பயணத்தின் பாதையிலோ 400 மீட்டர் உயரத்தைத் தொடும் இடம்கூட இல்லை. ஆனாலும் சின்னச் சின்ன மேடுகளாகவே 1,200 கிலோமீட்டரில் 11,000 மீட்டருக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. வரைபடத்தில் மலை தெரியவில்லை என்று நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சராசரிச் சரிவு என்ற எண்ணும் ஏமாற்றும். பத்து கிலோமீட்டருக்குச் சராசரி 5 சதவீதம் என்றால், நடுவில் இரண்டு கிலோமீட்டர் சமதளமும் கடைசியில் ஒரு கிலோமீட்டர் 11 சதவீதமும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். கியரை முடிவு செய்யவேண்டியது அந்த ஒரு கிலோமீட்டரை வைத்துத்தான்.

கணக்காகவே சொல்லிவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உழைப்பு 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் இதற்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் அளவுதான். எந்தக் கியர் போட்டாலும் அதே உழைப்புக்கு அதே வேகம்தான். மாறுவது கால் சுற்றும் வேகம். பல்சக்கரத்தில் முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்றால் நிமிடத்துக்கு 38 சுற்று. 34-க்கு 28 என்றால் 48 சுற்று. 34-க்கு 34 என்றால் 59 சுற்று. முதல் கியரில் ஒவ்வொரு மிதிக்கும் விழும் அழுத்தம் கடைசிக் கியரைப்போல ஒன்றரை மடங்கு. அந்த அழுத்தத்தோடு ஒன்றரை மணி நேரம் ஏறினால் தொடை இறுகிப் பிடித்துக்கொள்ளும், முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கும். ‘பயிற்சி போதவில்லை’ என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் போதாதது ஒன்பது பல்!

எடை குறைக்கச் செலவழிப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. அந்தக் கிலோவை வண்டியில் குறைத்தாலும் இடுப்பில் குறைத்தாலும் பலன் ஒன்றே.

பின் கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, 28-லிருந்து 34-க்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் அரைகுறையாகச் செய்தால் பாதி வழியில் வண்டி நின்றுபோகும். முதலில் பின் டெரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி. முன்னால் 50-34, பின்னால் 11-34 என்றால் முன் வித்தியாசம் 16, பின் வித்தியாசம் 23, மொத்தம் 39 பல். செயினின் அத்தனை தளர்வையும் டெரெய்லர் இழுத்துக்கொள்ளவேண்டும். கப்பிகளைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ள டெரெய்லரால் அது முடியாது, நீளக் கூண்டு வேண்டும். அடுத்து செயின் நீளம். டெரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயினைச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூடுதலாக விடவேண்டும். பழைய செயினையே விட்டுவைத்தவர் தவறிப்போய்ப் பெரிய பல்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டால் செயின் விறைத்து டெரெய்லரை அது மாட்டியிருக்கும் கொக்கியோடு பிய்த்துவிடும். டெரெய்லரின் மேல் கப்பி பெரிய பல்சக்கரத்தில் உரசுகிறதா என்று பார்த்து அதற்கான திருகைச் சரிசெய்யவேண்டும். செயின் ஆரக்கம்பிகளுக்குள் விழாதபடி உள் எல்லைத் திருகையும் சோதிக்கவேண்டும். ஏற்றத்தில், முழு அழுத்தத்தில், செயின் உள்ளே விழுந்தால் சக்கரமே போய்விடும்.

இதையெல்லாம் முந்தின நாள் மாலையில் செய்யக்கூடாது. புதிய கேபிள் உறையில் படிந்து உட்கார்ந்ததும் கியர் சற்று நகரும், மறுபடி முறுக்கவேண்டும். தேய்ந்த கேசட்டின் மேல் புதிய செயின் போட்டால் சமதளத்தில் ஒழுங்காக ஓடும், ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் பல் வழுக்கும். கீழே விழுவதும் உண்டு. மாற்றங்கள் முடிந்து குறைந்தது 100 கிலோமீட்டராவது, அதிலும் ஒரு நல்ல மேட்டிலாவது, ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும்.

ஓட்டும் நாளில் நடக்கும் தவறு பெரும்பாலும் முதல் மேட்டில்தான். கூட்டத்தோடு ஏறும்போது மூச்சு முட்டினாலும் கால் புதிதாக இருப்பதால் தெரியாது. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஏற முடிகிறதா என்பதே போதுமான அளவுகோல். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

உணவுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். உடலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கலோரி அளவு. 150 வாட்டில் ஒரு மணி நேரம் மிதிக்க ஏறத்தாழ 540 கலோரி செலவாகும். கொழுப்பும் ஒரு பங்கு தரும் என்றாலும், பசி எடுத்தபின் சாப்பிட நினைத்தால் காலம் கடந்துவிடும். முதல் அரை மணியிலிருந்தே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைக்கவேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். குளுக்கோஸோடு ஃப்ரக்டோஸும் கலந்திருந்தால் 90 கிராம் வரை குடல் ஏற்கும், ஆனால் அதற்குக் குடலையும் முன்கூட்டியே பழக்கவேண்டும். செங்குத்தில் மென்று விழுங்க முடியாது. மேடு தொடங்கும் முன் சமதளத்திலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நாள் முடிவில் உடல் எடை கூடியிருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல.

இனி இறக்கம். ஏற்றம் களைப்பைத்தான் தரும், ஆபத்து இறக்கத்தில். 500 மீட்டர் உயரம் இறங்கும் 85 கிலோவுக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 417 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். வேகமாகப் போகும்போது அதில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடும். பிரேக்கை விடாமல் அழுத்தியபடி மிதமான வேகத்தில் இறங்குபவருக்கோ அந்த வெப்பம் ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் போய்ச் சேரும். ரிம் பிரேக்கில் ட்யூப் வெடிக்கும், கார்பன் ரிம்மின் பிசின் இளகும். டிஸ்க்கிலும் கட்டை பளபளப்பாகிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே நிமிர்ந்த வண்டியில் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடவேண்டும். கை ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில், வெளிப்பக்கப் பெடல் கீழே, உடலின் பாரம் அதன்மேல், கண் வளைவு முடியும் இடத்தில். மழை பெய்தால் ரிம் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு நீரை வழிப்பதிலேயே இருக்கும், பிடிமானம் பிறகுதான். கட்டை தேய்ந்திருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் பாருங்கள், உச்சியில் பார்த்துப் பயனில்லை.

உச்சியில் இன்னொன்றையும் மறக்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வெப்பம் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கிலோமீட்டரில் இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடி தளரும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் காற்றுத்தடுப்பு மேலங்கி ஒன்று போதும்.

இறக்கத்தில் நேரத்தைப் பிடித்துவிடலாம் என்பது வெறும் கற்பனை. பத்து கிலோமீட்டரை மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏற 75 நிமிடம். அதே தூரத்தை 40-ல் இறங்கினால் 15 நிமிடம், 50-ல் இறங்கினால் 12 நிமிடம். உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்தியது மூன்று நிமிடம்! உணவு நிறுத்தத்தில் காலணியைக் கழற்றி மாட்டுவதற்குள் அது போய்விடும்.

அமைப்பாளர்களிடம் கேட்கவேண்டியதும் இங்கேதான். லா மார்மோட்டில் கிளாண்டன் கணவாயின் இறக்கத்தை நேரக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே முந்துவதில் யாருக்கும் லாபமில்லை என்பதால் அவசரமும் இல்லை. ஆபத்தான இறக்கம் உள்ள எந்த நிகழ்வும் இதைப் பின்பற்றலாம், தேவை இறக்கத்தின் இரு முனையிலும் ஒரு நேரப்பதிவு மட்டுமே. போட்டியாக அல்லாமல் நேர வரம்புக்குள் முடிக்கவேண்டிய ரேண்டனர் எனும் நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் என்பது சர்வதேச வரம்பு. இடையில் உள்ள சோதனைப் புள்ளிகள் மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்கில், மேடு பள்ளம் பாராமல், மூடப்படுகின்றன. 100 கிலோமீட்டரில் உள்ள புள்ளி 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும். ஏற்றம் முழுவதும் முதல் பாதியில் இருந்தால் இரண்டாம் பாதியில் எளிதாக முடித்திருக்கக்கூடியவர்கள் அங்கேயே விலக நேரும். வரம்பை மாற்ற முடியாது என்றால் பாதையைத் திருப்பிப் போடலாம், அல்லது முதல் புள்ளியை மலைக்கு அப்பால் வைக்காமல் அடிவாரத்தில் வைக்கலாம். கடைசித் தண்ணீர் நிலையமும் கடைசி மேட்டின் அடியில்தான் இருக்கவேண்டும், உச்சியில் அல்ல.

தங்கள் நாளிதழால் ஆகக்கூடியது எளிது. இத்தகைய நிகழ்வின் அறிவிப்பு வரும்போது தூரத்தோடு மொத்த ஏற்றம், செங்குத்தான கிலோமீட்டரின் சரிவு சதவீதம், அது தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், நேர வரம்பு ஆகிய நான்கையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். ஒரே வரிதான் கூடும். அதுவும் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வந்தால், கேசட்டையும் செயினையும் மாற்றி ஓட்டிப் பார்க்கப் படிப்பவருக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
நெடுந்தூரச் சைக்கிள் பயண ஆர்வலர்