மூன்று வெற்றிக்குப் பிறகு விலை உயர்வு: சீசன் டிக்கெட் குறித்த புகார்

அனுப்புநர்:
சீசன் டிக்கெட் உறுப்பினர்,
வடக்கு மேல்தளம், இரண்டு இருக்கைகள்.

பெறுநர்:
உறுப்பினர் சேவைப் பிரிவுத் தலைவர்,
அணி நிர்வாக அலுவலகம்.

பொருள்: கட்டண உயர்வைத் திரும்பப் பெறுவதும், இருக்கை உரிமத்தை ரத்து செய்யும் எச்சரிக்கையை நிறுத்தி வைப்பதும் தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மையீர்,

என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடும் நம் அணியின் அரங்கத்தில், பதினான்கு ஆண்டுகளாக வடக்கு மேல்தளத்தில் இரண்டு இருக்கைகளை வைத்திருக்கிறேன். அடுத்த சீசனுக்கான புதுப்பித்தல் அறிவிப்பு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எனக்கு வந்தது. கட்டணம் 9 சதவீதம் உயர்கிறது என்றும், பிப்ரவரி 28க்குள் முதல் தவணையைக் கட்டாவிட்டால் இருக்கை உரிமம் (அதே இருக்கைக்கு ஆண்டுதோறும் டிக்கெட் வாங்க, ஒருமுறை பணம் கட்டி நாங்கள் பெற்ற உரிமை) ரத்தாகும் என்றும் அதில் இருந்தது. அன்றைக்கு நம் அணி ஆடியிருந்த 14 ஆட்டங்களில் 12 தோல்வி. அதைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. சீசன் முடிந்தபோது 17 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. சொந்த மைதானத்தில் ஒன்று.

தோற்றதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறவனாக என்னை நினைத்துவிட வேண்டாம். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நல்ல சீசன்களைவிட மோசமான சீசன்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இந்த முறை எழுதுவதற்குக் காரணம், சென்ற பிப்ரவரியில் நீங்கள் எங்களிடம் விற்றது ஒன்று, நவம்பரில் கொடுத்தது வேறொன்று.

அந்தப் பிப்ரவரிக் கையேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் நம் தற்காப்பு வரிசையின் மிகச் சிறந்த வீரரின் படம். எதிரணிக் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர், பந்தைப் பிடித்து இரண்டு விநாடி நிற்பதற்குள் அவர்மேல் போய் விழுகிற வீரர் இவர். 'இந்த ஆண்டு பிளே-ஆஃப் நம் இலக்கு' என்று படத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். சீசன் முடிவில் சிறந்த அணிகள் மட்டும் பட்டத்துக்காக மோதும் சுற்றுதான் பிளே-ஆஃப். அதை நம்பித்தான் தவணை கட்டினேன். நவம்பர் முதல் வாரம், வீரர் பரிமாற்றக் கெடு முடியும் நாளில், அதே வீரரை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு டிராஃப்ட் தேர்வுகளை, அதாவது புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளை, வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் வந்த மின்னஞ்சல் அதை 'எதிர்காலத்துக்கான முதலீடு' என்றது. முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். அந்த முதலீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் யார்? அப்போது சொந்த மைதானத்தில் நான்கு ஆட்டங்கள் மீதமிருந்தன. நான்குக்கும் முழுக் கட்டணத்தை நாங்கள் ஏற்கெனவே செலுத்தியிருந்தோம்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு நடந்த ஆட்டத்தை உங்கள் பிரிவில் யாராவது மேல்தளத்திலிருந்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை. காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் 27-3 என்று பின்தங்கியிருந்தோம். முதலாம் ஆண்டுக் குவார்ட்டர்பேக்கைக் களத்தில் விட்டிருந்தீர்கள். அவரைக் காக்க வேண்டிய முன்வரிசையில் ஐவரில் மூவர் மாற்று வீரர்கள். ஏழு முறை அவரை வீழ்த்தினார்கள். ஆறாவது முறை விழுந்தபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. அவர் எழுந்து, தலைக்கவசத்தில் அப்பியிருந்த பனியைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார். எங்கள் பகுதியில் மிஞ்சியிருந்த நாற்பது ஐம்பது பேர் எழுந்து நின்று கைதட்டினோம். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடைசி விநாடிவரை உழைத்தார்கள். ஒரு சீசனைப் பாதியில் கைவிடுவது என்ற முடிவு களத்தில் எடுக்கப்பட்டதல்ல.

பின்னுக்குப் போனால்தான் நல்ல இளம் வீரர் கிடைப்பார் என்று உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த இளைஞர் எனக்கு விளக்கினார். பொறுமையாகப் பேசினார், அதற்கு நன்றி. டிராஃப்ட் முறை 1936இலிருந்து நடக்கிறது. மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு என்பது நலிந்தவர்களைத் தூக்கிவிட வந்த ஏற்பாடு. ஆனால் முதல் தேர்வு கிடைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இந்த லீக்கின் வரலாற்றில் உத்தரவாதம் இல்லை. டெட்ராய்ட் லயன்ஸ் 2008இல் 16 ஆட்டங்களிலும் தோற்றது. மறு ஆண்டு முதல் தேர்வில் மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. அருமையான வீரர். அவரை வைத்துக்கொண்டு 12 சீசன்கள் ஆடியும் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில்கூட டெட்ராய்ட் வெல்லவில்லை. அவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போன முதல் சீசனிலேயே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றார். 1992 ஜனவரிக்குப் பிறகு டெட்ராய்ட்டுக்கு முதல் பிளே-ஆஃப் வெற்றி 2024 ஜனவரியில்தான் கிடைத்தது. அதுவும் ஸ்டாஃபோர்டின் ராம்ஸை 24-23 என்று வென்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த மக்கள் காத்திருந்தார்கள். அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தக் காத்திருப்பையே ஒரு திட்டம் என்று விலைச்சீட்டு ஒட்டி எங்களிடம் விற்காதீர்கள்.

கரோலைனா பாந்தர்ஸின் கதை இன்னும் வேதனையானது. 2023இல் 17 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அதனால் கிடைத்த முதல் தேர்வு அவர்களிடம் இல்லை. அந்தச் சீசன் தொடங்கும் முன்பே, பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுப்பதற்காக அதைச் சிகாகோ அணிக்குக் கொடுத்திருந்தார்கள். அத்தனை தோல்வியையும் பார்த்துச் சகித்தவர்கள் அணியின் ஊரான சார்லட் நகரத்துக்காரர்கள். பலன் சிகாகோவுக்குப் போனது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2016, 2017 இரண்டு சீசன்களில் 32 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்தான் வென்றது. 2018 ஜனவரிக் குளிரில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அரங்கத்தைச் சுற்றிக் கேலி ஊர்வலம் போனார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே அணி பிட்ஸ்பர்க்கில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தை வென்றது. தம்பா பே பக்கனீர்ஸ் 1976இல் தொடங்கி முதல் 26 ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்றது. 1979இல் சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்புவரை போய் நின்றது. ஆனால் அது அப்போதுதான் பிறந்த அணி. டிக்கெட் வாங்கியவர்களுக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது. சென்ற பிப்ரவரியில் நீங்கள், 'இது கட்டியெழுப்பும் ஆண்டு, மூத்த வீரர்களைக் கொடுத்துவிடப் போகிறோம், அதனால் விலையைக் குறைக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் நான் இரண்டு இருக்கைகளையும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பேன். இளம் வீரர்கள் ஆட்டம் கற்றுக்கொள்வதைப் பார்ப்பதும் ஒரு மகிழ்ச்சிதான்.

நீங்கள் தோற்பதால் வருமானம் படுத்துவிடுவதும் இல்லை. தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. 2021இல் கையெழுத்தான ஒப்பந்தங்கள் மட்டும் 10,000 கோடி டாலருக்கும் மேல். பட்டம் வென்ற அணிக்கும் நமக்கும் அதில் ஒரே பங்கு. அப்படியிருக்க, மூன்று வெற்றிக்குப் பிறகு 9 சதவீதத்தை எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு அறிவிப்பில் ஒரு காரணமாவது இருந்திருக்க வேண்டும்.

சீசன் கணக்கில் சேராத முன்பருவ ஆட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆண்டு எங்கள் டிக்கெட் தொகுப்பில் சொந்த மைதானத்து ஆட்டங்கள் எட்டும், ஆகஸ்டில் முன்பருவ ஆட்டங்கள் இரண்டும் இருந்தன. பத்துக்கும் ஒரே விலை. முதன்மை வீரர்கள் சில நிமிடங்களே களத்தில் இருக்கும் ஆட்டங்களுக்கு முழு விலை வாங்குவது முறையல்ல.

என் வலப்பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். நான் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருப்பவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்து, அரங்கத்துக்குள் அனுமதி இல்லாததால் வாகன நிறுத்துமிடத்திலேயே எங்கள் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பார். கடைசி ஆட்டத்தன்று, இனி வரமாட்டேன் என்றார். ஓய்வூதியத்தில் இந்த உயர்வு கட்டுப்படியாகாது. அவர் ஒருமுறை கட்டிய இருக்கை உரிமப் பணம் புதுப்பிக்காவிட்டால் திரும்பாது. அந்தப் பணத்தைக் கட்டியபோது, விலையைத் தாறுமாறாக ஏற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

ஆகவே அடுத்த சீசனுக்கு எங்கள் பகுதியின் கட்டணத்தைச் சென்ற ஆண்டு அளவிலேயே வையுங்கள். முன்பருவ ஆட்டங்களைத் தொகுப்பிலிருந்து பிரித்து, வேண்டியவர்கள் தனியாக வாங்கிக்கொள்ள விடுங்கள். ஏப்ரல் இறுதியில் டிராஃப்ட் முடியும்வரை யாருடைய இருக்கை உரிமத்தையும் ரத்து செய்யாதீர்கள். எந்த அணியை வாங்குகிறோம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறோம். இவற்றுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் கையெழுத்திட்ட பதில் வேண்டும். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்கும், ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல் இதுவரை மூன்று வந்துவிட்டது. நான்காவது வேண்டாம்.

பதில் வரும்வரை முதல் தவணையைக் கட்டப்போவதில்லை. என் பக்கத்து இருக்கைக்காரரின் ரத்துக் கடிதமும் ஜனவரியிலேயே உங்களுக்கு வந்திருக்கும். அதை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அவரை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வடக்கு மேல்தள உறுப்பினர்

இணைப்பு: சென்ற பிப்ரவரிக் கையேட்டின் அட்டைப் பிரதி, புதுப்பித்தல் அறிவிப்பின் பிரதி.