பழைய ராணுவத் தோட்டாக் கூடுகள் குறித்து மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

எம்1 கேரண்ட் துப்பாக்கியோடு நீ எடுத்துச் சென்ற வாளியிலுள்ள பித்தளைக் கூடுகளை எப்படிப் பளபளப்பாக்குவது என்று கேட்டு எழுதியிருந்தாய். பளபளப்பு கடைசி வேலை; அதைச் செய்யாமலே விட்டாலும் துப்பாக்கிக்கு ஒரு குறையும் வராது. நாம் மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடப்போகும் அந்தக் கூடுகள் எல்லாம் வேறு யாருடைய துப்பாக்கியிலோ ஒருமுறை வெடித்தவை என்பதால், முதலில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பிடித்து அதன் அடியில் பொறித்திருப்பதைப் படி.

'எல்சி' என்ற எழுத்துகளும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் இருந்தால், அது மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941இல் உற்பத்தி தொடங்கிய லேக் சிட்டி ஆலையில் செய்தது. போர்க்காலத்தில் செயின்ட் லூயிஸ், டென்வர், ட்வின் சிட்டீஸ் ஆலைகளும் கேரண்டில் போடும் .30-06 வகைத் தோட்டாக்களைச் செய்து குவித்தன. அவற்றின் கூடுகளும் உன் வாளியில் கிடக்கலாம். 'ஹெச்எக்ஸ்பி' என்றிருப்பவை கிரேக்க நாட்டில் செய்யப்பட்டு, அமெரிக்காவில் குடிமக்களின் துப்பாக்கிப் பயிற்சிக்கான சிஎம்பி அமைப்பின் வழியாகக் கேரண்ட் வைத்திருப்பவர்களுக்கு விற்கப்பட்டவை. என் கணக்கில் வாளியிலேயே சிறந்த கூடுகள் அவைதாம். அவற்றைத் தனியாக எடுத்து வை. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய அமெரிக்க ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலும் குளோரேட் கலந்த பிரைமர்தான் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருந்தது. அது எரிந்தபின் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். கூட்டைச் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவினால் அந்த உப்பு போய்விடும். ஆனால் பச்சைக் களிம்பு ஏறிக் குழி விழுந்திருந்தால் யோசிக்காமல் பழைய பித்தளையோடு போட்டுவிடு.

அடுத்ததாகக் கூட்டின் வாய்வழியே டார்ச் அடித்துப் பார். அடியின் நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, நமக்கு உதவும். இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை. வெளிநாட்டில் செய்த சிலவற்றில் அப்படி இருக்கும், பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் நம் கருவியிலுள்ள ஊசி அவற்றில் முட்டி உடைந்துபோகும். பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனாலும் அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயரின் முறை. வெடிக்காத பிரைமர் உள்ள கூடு கண்ணில் பட்டால் அதை இடித்து எடுக்க முயலாமல் ஒதுக்கி வை.

இதற்குப் பிறகு செய்யும் சோதனையைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். இயந்திரத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை சற்றுத் தாராளமாக இருக்கும். அதில் வெடித்த கூடு நீண்டு, கெட்டியான அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் சுற்றிலும் ஒரு வெளிறிய கோடு தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆகவே ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கூராக்கிக் கொக்கிபோல் வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரை உரசியபடி மேலே இழுத்துப் பார். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு அடுத்த வெடிப்பில் இரண்டாகப் பிரியக்கூடியது. இடுக்கியால் அதன் வாயை நசுக்கிவிட்டால் தவறிக்கூட மறுபடி வாளிக்குள் போகாது.

துடைப்பதற்குக் கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் எதையும் வாங்காதே. அவற்றில் பலவற்றில் அமோனியா இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. லாயத்துக் காற்றிலிருந்த அமோனியாவும், இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்காகத்தான் ஆலையில் கூட்டின் கழுத்தைச் சூடாக்குகிறார்கள்; ராணுவக் கூடுகளின் தோளிலும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) கழுத்திலும் காணும் நீலம் கலந்த பழுப்பு நிறம் அந்தச் சூட்டின் தடம், அழுக்கு அல்ல. உன் பாட்டி குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதைப் போல இங்கேயும் புளிப்புதான் வேலை செய்யும்: வெந்நீரில் சிறிதளவு சிட்ரிக் அமிலம், சில நிமிடங்கள், பிறகு நன்றாக அலசி உலர்த்தல். நெடுநேரம் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாக மாறிவிடும். பிரைமரின் கரியில் ஈயம் இருப்பதால், இந்த வேலையைச் சமையலறைப் பாத்திரங்களில் செய்யாதே. முடித்ததும் கையைச் சோப்பால் கழுவு.

பிரைமர் தானாகப் பின்னுக்கு வந்துவிடாதபடி, ராணுவக் கூடுகளில் அது உட்காரும் குழியின் விளிம்பை அழுத்தி மடித்திருப்பார்கள். பழைய பிரைமரை எடுத்தபின் அந்த மடிப்பை நீக்காவிட்டால் புதியது உள்ளே இறங்காது. சிலர் அதைச் சீவி எடுக்கிறார்கள். கை சற்று அதிகமாகப் போனால் குழி தளர்ந்து கூடே வீணாகும் என்பதால், ஸ்வேஜ் கருவியால் அழுத்தி விளிம்பை உருட்டிவிடும் முறையையே நான் விரும்புகிறேன். கேரண்டின் சுடும் ஊசி எந்த வில்லாலும் பிடிக்கப்படாமல் தளர்வாக இருப்பது. பூட்டு மூடும்போதே அது முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் விளிம்புக்கு மேலே துருத்தி நின்றால், நீ விசையைத் தொடாமலே தோட்டா வெடித்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டி, பிரைமர் சற்றே உள்ளடங்கியிருப்பதை உறுதி செய்துகொள்.

கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் அழுத்தும் முன் கூட்டுக்கு மெழுகு தடவ மறக்காதே. உலர்ந்த கூடு டைக்குள் சிக்கினால் அதை வெளியே எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். கழுத்தை மட்டும் அளவாக்கினால் கேரண்டுக்குப் போதாது, முழு நீளமும் அழுத்தி, தோளின் இடத்தை அளவியில் வைத்துப் பார்க்க வேண்டும். இதன் பிறகு நீளத்தை அள, 2.494 அங்குலத்தைத் தாண்டியவற்றை 2.484க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிரை நீக்கிவிடு. கேரண்ட் கூடுகளை முரட்டுத்தனமாகக் கையாளும் துப்பாக்கி என்பதால், ஒரே கூட்டை ஐந்து முறைக்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை.

மருந்து நிரப்பும் வேலையை மட்டும் நான் வரும்வரை தள்ளி வை. சுவர் தடித்த கூட்டில் உள்ளிடம் குறையும். அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். ஆகவே வகை வகையாகப் பிரித்து எடை போட்டுப் பார்த்த பிறகே தொடக்க அளவைத் தீர்மானிக்க வேண்டும். கையேட்டில் பொதுவான .30-06 பக்கத்தை விட்டுவிட்டு, கேரண்டுக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் பட்டியலைப் படித்து வை. மெதுவாக எரியும் மருந்து, கேரண்டின் பூட்டைப் பின்னுக்குத் தள்ளும் இயக்கத் தண்டை வளைத்துவிடும். தோள் அளவியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கம்பி தட்டியதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும் கூடுகளைத் தனி டப்பாவில் போட்டு வை, வந்ததும் ரம்பத்தால் நெடுக அறுத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா