ஓடிபி என் போனுக்குத்தான் வரும்

கோபிசெட்டிபாளையம்
23.12.2025, இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உனக்கு மூன்று வாட்ஸ்அப் போட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். போனில் பேசினால் நீ "ம், ம்" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலையில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால், நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை இருந்தாலும் 27-க்குள் உன் கையில் கிடைத்துவிடும். கிடைத்த அன்றே படி. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடாதே.

என் வருமானவரி ரீஃபண்ட் கதையை நீ கேட்கவே இல்லை. வரி பிடிக்க வேண்டாம் என்று பேங்கில் கொடுக்கிற 15எச் படிவத்தைக் கொடுக்க மறந்து, டெபாசிட் வட்டியில் 18,400 ரூபாய் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டேன். அன்றைக்கே, போட்டது நான்தான் என்று ஆன்லைனில் உறுதி செய்கிற இ-வெரிஃபையும் செய்தேன். போன வருஷம் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, முப்பது நாள் கெடு முடியும்போது ஓடியது உனக்குத் தெரியும். ஆகஸ்ட் போனது, தீபாவளியும் போனது. போர்ட்டலைத் திறந்தால் 'அண்டர் பிராசஸிங்' என்றே இருந்தது. ரிட்டர்னைப் பார்க்கிற அந்த ஆபீஸும் பெங்களூரில்தான் இருக்கிறது. என் பணமும் அங்கே, என் பிள்ளையும் அங்கே, இரண்டு பக்கமிருந்தும் சேதி இல்லை என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

நவம்பர் கடைசியில் வந்தது 7,266 ரூபாய். ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி கணக்குப் போட்டு 736 சேர்த்திருக்கிறார்கள். அந்த வட்டியையும் அடுத்த வருஷம் வருமானமாகக் காட்ட வேண்டுமாம், அது வேறு. மீதி 11,870 எங்கே போனது? 2016-17 மதிப்பீட்டு ஆண்டில், அதாவது 2015-16 நிதியாண்டுச் சம்பளத்துக்கு, ஒரு வரி டிமாண்ட் நிலுவையாம். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரியைப் பள்ளி ஆபீஸில் ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை, நம் பேரில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் பட்டியலில் ஏறவே இல்லை. அதற்கப்புறம் எனக்கு ரீஃபண்ட் எதுவும் வந்ததில்லை. அதனால் இப்படி ஒன்று கிடப்பதே தெரியவில்லை. பெரியப்பாவுக்கும் இதே மாதிரி 2013-லிருந்து ஒரு சின்ன நிலுவை இருந்தது. 2024 இடைக்கால பட்ஜெட்டில் 2014-15 நிதியாண்டு வரைக்கும் பத்தாயிரத்துக்குள் இருந்ததையெல்லாம் தள்ளுபடி செய்தபோது அதுவும் போய்விட்டது. என்னுடையது பத்தாயிரத்துக்கு மேலே, அதுவும் 2015-16. ஒரு வருஷமும் தப்பியது, தொகையும் தப்பியது. என் ராசி.

நான் சொல்ல வந்தது அதில்லை. வருமானவரிச் சட்டம் 245-ஆவது பிரிவின் கீழ், பழைய நிலுவையை ரீஃபண்டில் கழித்துக்கொள்ளப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அக்டோபரிலேயே இமெயில் அனுப்பியிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. கெடு தாண்டியது. பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்காம். வாயைத் திறக்காமல் இருந்ததற்கு 11,870 ரூபாய். அப்பாவின் பச்சைப் பெட்டியைக் குடைந்து அந்த வருஷம் பிடித்த வரிக்குப் பள்ளியில் கொடுத்த ஃபார்ம் 16-ஐயும் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துவிட்டேன். சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த வரியை நம்மிடமே மறுபடி வசூலிக்கக் கூடாது என்று 205-ஆவது பிரிவு இருக்கிறது. போர்ட்டலில் 'உடன்படவில்லை' என்று போட்டு, எல்லாவற்றையும் இணைத்து, கிரீவன்ஸ் என்கிற புகாரும் எழுதியாயிற்று. வந்தால் வரட்டும். அறுபத்து மூன்று வயதில் இதையெல்லாம் நானே செய்தேன். நீ இமெயிலைப் பார். ஸ்பாமையும் பார்.

ஓடு மாற்றுகிற விஷயத்தை மறந்துவிடு. ஒழுகுவது மேற்கு அறை மட்டும்தான், அங்கே யார் படுக்கிறார்கள்? இந்த மழைக்கு இரண்டு வாளி வைத்தேன், போதும். உன் ரீஃபண்ட் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நீ சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் பேசாமல் இருக்கிறாய் என்றால் வேண்டாம்.

சரி, சுற்றி வளைத்தது போதும். உன் பான் கார்டு எடுத்தபோது கொடுத்தது என் நம்பர். நீ மாற்றவே இல்லை. முந்தாநாள் உனக்கு வருகிற எஸ்எம்எஸ் எனக்கு வந்தது. உன் ரீஃபண்ட் 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், விவரம் இமெயிலில், திருத்துவதென்றால் டிசம்பர் 31-க்குள். முதலில் போலி என்று நினைத்தேன். ரீஃபண்ட் என்று ஏமாற்றுகிற மெசேஜ் எத்தனை வருகிறது! ஆனால் இதில் லிங்க்கை அழுத்து, அக்கவுன்ட் நம்பர் கொடு என்றெல்லாம் இல்லை. பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள். வரியைக் குறைக்க, பேர் கேள்விப்படாத கட்சிகளுக்கு நன்கொடை கொடுத்ததாகக் காட்டியவர்களைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறார்களாம். தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்ன அந்த ஆள், பத்து சதவீதம் வாங்கிக்கொண்டு பிடித்த வரி மொத்தத்தையும் திருப்பி எடுத்துத் தருகிறவர், உன் பேரில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு எழுதினார் என்று உனக்காவது தெரியுமா? ஓட்டுப் போடவே ஊருக்கு வராத பிள்ளை நீ.

கோபப்படாதே. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நீ சொன்ன அன்றைக்கு நான் என்ன செய்தேன்? அதிரசத்தை எடுத்து வைத்தேன். மறுநாள் பெரியம்மாவிடம், என் பையன் கெட்டிக்காரன், கட்டின வரியையே திருப்பி வாங்குகிறான் என்று பெருமை வேறு பேசினேன். செப்டம்பரில் ஓடிபி கேட்டுக் கூப்பிட்டாயே, ஆறு எண்ணையும் படித்துச் சொன்னது நான்தானே. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நீ மறந்திருக்க மாட்டாய். நாம் நம் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, பெரியப்பா வீட்டில் வாடகைக்கு இருப்பதாக, வரியைக் குறைக்க மூன்று வருஷம் பள்ளியில் ரசீது கொடுத்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று, ஏழாம் வகுப்புப் பையனை உட்காரவைத்துப் பன்னிரண்டு மாத ரசீதையும் எழுதச் சொன்னேன். ஒரே பேனாவில் எழுதாதே, நீலமும் கறுப்பும் மாற்றி மாற்றி எழுது என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வருஷம் மிச்சமான வரி எவ்வளவு என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. அவர் போனபோது முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறது.

எனக்கு யாரும் எஸ்எம்எஸ் அனுப்பவில்லை. உனக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதுவரைக்கும் நல்லது. பணம் இன்னும் உன் கைக்கு வரவில்லை. இப்போதே ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டு அந்த நன்கொடையை எடுத்துவிட்டால் ரீஃபண்ட் குறையும், அவ்வளவுதான். 31 தாண்டிவிட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன்தான். அதற்குக் கூடுதல் வரியே 25 சதவீதத்தில் ஆரம்பிக்கிறது. அவர்களே கண்டுபிடித்துத் தவறாகக் காட்டியதாக முடிவு செய்தால், அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போடலாம். நிஜமாகக் கொடுத்த வாடகை, எல்ஐசி இருந்தால் அதை விட்டுக்கொடுக்காதே. ரசீது இருக்கிறதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளிடம் மறுபடி போகாதே. கமிஷன் கேட்டுத் தகராறு செய்தால் சொல், என்னிடம் 7,266 ரூபாய் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு முட்டிவலி. வடக்குத் தென்னையில் காய்ப்பு குறைவு. வேறு சேதி இல்லை. ஸ்பாமையும் பார்.

ரிட்டர்ன் திருத்த உட்கார்ந்தால் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. இந்தத் தடவை எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைச் சொல்வேன்.

அம்மா