யூக்ரோயைட் என்று அனுப்பிய மூன்று மாதிரிகள் பற்றிய புகார்

அனுப்புநர்:
தாமிர ஆர்செனேட் கனிமங்களைச் சேகரித்து ஆராயும் உங்கள் வாடிக்கையாளர்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கனிம மாதிரி விற்பனை நிறுவனம்

பொருள்: தவறான லேபிள், செல்லாத சான்றிதழ், ஆபத்தான பராமரிப்பு அட்டை – மாற்று மாதிரியும் பணத் திருப்பமும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். யூக்ரோயைட் என்று லேபிள் ஒட்டி நீங்கள் அனுப்பிய மூன்று மாதிரிகளில் ஒன்றுதான் யூக்ரோயைட். இரண்டாவது, ஒரு காலத்தில் யூக்ரோயைட்டாக இருந்த கல். மூன்றாவதுக்கும் யூக்ரோயைட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதைச் சொல்லி முதலில் எழுதியபோது, "நிறம் பொருந்துகிறது, எக்ஸ்ஆர்எஃப் முடிவு பொருந்துகிறது, ஒப்படர்த்தி பொருந்துகிறது" என்று மூன்றே வரியில் பதில் வந்தது. (எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ்கதிர் பாய்ச்சி எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் சோதனை; ஒப்படர்த்தி என்பது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி.) அந்த மூன்று பொருத்தங்களும் இந்தக் கனிமத்தில் ஏன் செல்லாது என்று விளக்க வேண்டியிருப்பதால் இக்கடிதம் நீள்கிறது. உங்கள் தரச் சோதனைப் பிரிவில் உள்ளவரிடமும் இதைக் கொடுங்கள்.

யூக்ரோயைட் என்பது நீரேறிய தாமிர ஆர்செனேட். இரண்டு தாமிரம், ஓர் ஆர்செனேட், ஒரு ஹைட்ராக்சில், மூன்று நீர் மூலக்கூறு: இதுதான் அதன் வாய்பாடு. உங்கள் லேபிளில் அந்த மூன்று நீர் மூலக்கூறையும் காணோம். அச்சுப்பிழை என்று விட்டுவிட முடியாது. அந்த நீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒலிவெனைட் என்ற வேறொரு கனிமத்தின் வாய்பாடு. ஆக, லேபிளின் முதல் வரி ஒரு கனிமத்தைச் சொல்கிறது, இரண்டாம் வரி இன்னொன்றைச் சொல்கிறது.

1823-இல் ஜெர்மன் கனிமவியலாளர் பிரைட்ஹாப்ட் இதற்குப் பெயர் வைத்தபோது, 'அழகிய நிறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். மரகதப் பச்சையில் கண்ணாடி மினுமினுப்போடு இருக்கும் அந்தப் படிகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தாமிரம் கலந்த கனிமங்களை அடையாளம் காண நிறத்தை நம்புவதைவிடப் பெரிய தவறு இல்லை. ஒலிவெனைட், கார்ன்வாலைட், கோனிகால்சைட், லிபெத்தனைட், டயோப்டேஸ் என்று பச்சையாக இருப்பவை ஏராளம். நிறத்தைக் கொண்டு எதையும் உறுதிசெய்ய முடியாது, சந்தேகத்தைத் தொடங்கி வைக்கலாம், அவ்வளவே.

மூன்றாம் எண் மாதிரியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறோம். அதன் படிகம் ஃபுளோரைட்டைக் கீறுகிறது. ஃபுளோரைட்டின் கடினம் மோஸ் அளவில் 4 (எண் கூடினால் கடினமும் கூடும்). யூக்ரோயைட்டின் கடினம் 3.5 முதல் 4 வரை, ஆகவே அதனால் ஃபுளோரைட்டில் கீறல் போட முடியாது. உடைந்த இடத்தைச் சாய்த்துப் பார்த்தால் மூன்று திசைகளில் பளபளவென்று சாய்சதுரப் பிளவுத் தளங்கள் தெரிகின்றன. யூக்ரோயைட்டின் பிளவு தெளிவற்றது, அது பெரும்பாலும் ஒழுங்கற்றுத்தான் உடையும். ஒரு சிறு துகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டபோது கூழ் போன்ற சிலிக்கா தங்கியது. இது டயோப்டேஸ், தாமிர சிலிக்கேட். இதில் ஆர்செனிக்கே கிடையாது. டயோப்டேஸின் ஒப்படர்த்தி 3.3-ஐ ஒட்டியும் யூக்ரோயைட்டினது 3.44-ஐ ஒட்டியும் இருப்பதால், ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசில் அரை கிராமுக்கும் குறைவான படிகத்தை நிறுத்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. உங்களுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். கடினத்தைச் சோதித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கல்லே வேறு என்னும்போது, அதே லேபிளில் உள்ள ஊர்ப் பெயரை மட்டும் எப்படி நம்புவது?

எங்கள் புகாரின் மையம் இரண்டாம் எண் மாதிரி. இதற்கு மட்டும்தான் நீங்கள் எக்ஸ்ஆர்எஃப் அச்சுத்தாள் இணைத்திருந்தீர்கள். தாமிரம் உண்டு, ஆர்செனிக் உண்டு, இரண்டுக்குமான விகிதம் யூக்ரோயைட்டுக்குப் பொருந்துகிறது என்கிறது அந்தத் தாள். அளவீடு சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. யூக்ரோயைட்டின் எடையில் தாமிரம் 37.7 சதவீதம், ஆர்செனிக் 22.2 சதவீதம். ஒலிவெனைட்டில் தாமிரம் 44.9, ஆர்செனிக் 26.5. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் விகிதம் 1.70. அணுக் கணக்கில் இரண்டுமே இரண்டுக்கு ஒன்று. இவற்றைப் பிரித்துக்காட்டுவது நீர் மட்டுமே. கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவிக்கு ஹைட்ரஜனும் தெரியாது, ஆக்சிஜனும் தெரியாது. எந்த ஒன்றை அளக்க வேண்டுமோ அதைப் பார்க்க முடியாத கருவியை வைத்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது ஒப்படர்த்தி. மாதிரியிலிருந்து கழன்று பையின் அடியில் கிடந்த ஒரு படிகத்தை எடுத்து நிறுத்தோம். காற்றில் 0.412 கிராம். நீரில் மூழ்கியவுடன் 0.291 கிராம். கணக்கிட்டால் 3.4 வருகிறது. நீங்கள் சொன்ன எண்தான், யூக்ரோயைட்டின் எண்ணும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நிறுக்கும்போதே படிகத்தின் ஓரங்களில் மிக நுண்ணிய குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அதே படிகத்தை ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்த நீரில் போட்டு, வெற்றிடக் குடுவைக்குள் வைத்து, குமிழி நிற்கும்வரை விட்டோம். பிறகு நீரில் நிறுத்தபோது 0.314 கிராம். ஒப்படர்த்தி 4.2 ஆகிவிட்டது. கெட்டியான யூக்ரோயைட் படிகத்தில் இப்படி எண் ஏறவே ஏறாது.

காரணம் எளியது. யூக்ரோயைட் இயற்கையிலேயே ஒலிவெனைட்டாக மாறக்கூடியது. மாறும்போது வெளி உருவம் அப்படியே இருக்கும், உள்ளே பொருள் வேறாகிவிடும். சூடோமார்ப் என்று நாம் சொல்வது இதைத்தான். தாமிரமும் ஆர்செனிக்கும் இடம் பெயராமல் மூன்று நீர் மூலக்கூறு மட்டும் வெளியேறினால் எடை 16 சதவீதம் குறையும். கன அளவோ ஒரு மோலுக்கு 98 கன சென்டிமீட்டரிலிருந்து சுமார் 64-க்கு இறங்கும். வெளிக்கூடு சுருங்காததால் உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான இடம் வெற்றுத் துளையாகிறது. அந்தத் துளைகளில் காற்று அடைபட்டிருக்கும்வரை ஒப்படர்த்தி 2.9-இலிருந்து, ஒலிவெனைட்டின் உண்மையான எண்ணான 4.4 வரை எந்த எண்ணாகவும் வரலாம். போகிற வழியில் 3.4-ஐயும் காட்டும். நீங்கள் நிறுத்த நேரத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

இதோடு விட்டுவிடவில்லை. சில துகள்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒளிவிலகல் எண் 1.74 உள்ள டைஅயோடோமீத்தேன் என்ற திரவத்தில் அமிழ்த்தி நுண்ணோக்கியில் பார்த்தோம். யூக்ரோயைட்டின் மூன்று ஒளிவிலகல் எண்களும் (1.695, 1.698, 1.733) அந்தத் திரவத்துக்குக் கீழே. ஒலிவெனைட்டின் எண்கள் எல்லாமே அதற்கு மேலே. மேடையைச் சற்றுக் கீழே இறக்கினால் துகளின் ஓரத்தில் உள்ள வெண்கோடு எண் கூடுதலான பக்கம் நகரும். முதல் மாதிரியின் துகளில் கோடு வெளியே திரவத்துக்குள் ஓடியது. இரண்டாம் மாதிரியில் பத்துத் துகளில் ஒன்பதில் உள்ளே வந்தது. கடுகில் பாதி அளவு தூள் போதும், ஐந்து நிமிட வேலை. திரவம் நச்சுத்தன்மை உள்ளது என்பதால் காற்றோட்டமான இடமும் கையுறையும் வேண்டும். இவ்வளவு எளிய சோதனையை விட்டுவிட்டு உங்கள் நிறுவனம் விலை உயர்ந்த கருவியை நம்பியது எங்களுக்கு வியப்புதான்.

கடைசியாக எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்கதிர் எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று பார்த்துப் படிக அமைப்பைக் கண்டறியும் சோதனை. தாமிர எக்ஸ்கதிர்க் குழாயில் யூக்ரோயைட்டின் ஒரு கோடு 12.2 பாகையை ஒட்டி வரும், அடுக்கு இடைவெளி 7.26 ஆங்ஸ்ட்ராம். ஒலிவெனைட்டுக்கு 14 பாகைக்குக் கீழே கோடே கிடையாது. முதல் மாதிரியில் 12.2-இல் கூர்மையான முகடு நின்றது. இரண்டாவதில் அந்த இடத்தில் பின்னணிக்கு மேல் எழுந்ததா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவுக்கு ஒரு சிறு மேடு, மீதி எல்லாம் ஒலிவெனைட். நடுவில் கொஞ்சம் பழைய யூக்ரோயைட் எஞ்சியிருக்கிறது. பத்தில் ஒரு துகள் மாறுபட்டதும், ஒப்படர்த்தி 4.4-ஐத் தொடாமல் 4.2-இல் நின்றதும் இதனால்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யூக்ரோயைட்டின் உருவில் ஒலிவெனைட் என்பது மட்டமான பொருள் அல்ல. எங்களில் சிலர் அதைத் தேடி வாங்குவார்கள். அப்படியே எழுதி விற்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

முதலாம் எண் மாதிரி உண்மையான யூக்ரோயைட், ஐயமில்லை. ஆனால் அதன் லேபிளில் 'போட்லிபா, லூபியெட்டோவா, ஹங்கேரி' என்று உள்ளது. லூபியெட்டோவா இருப்பது ஸ்லோவாக்கியாவில், பன்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவுக்கு அருகில். அந்த ஊர் ஹங்கேரியில் இருந்த காலத்தில், அதன் ஜெர்மன் பெயரால் 'லிபெதன், ஹங்கேரி' என்று எழுதிய பழைய லேபிள் ஒட்டியிருந்தால் அதைப் பத்திரப்படுத்தியதற்கு நன்றி சொல்லியிருப்போம். நீங்கள் அனுப்பியதோ புதிதாக அச்சிட்ட லேபிள். அதைவிட முக்கியமானது, யூக்ரோயைட் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடம் அதே ஊரை ஒட்டிய ஸ்வாதோதுஷ்னா. போட்லிபா லிபெத்தனைட்டுக்கும் சூடோமாலகைட்டுக்கும், அதாவது தாமிர பாஸ்பேட்டுகளுக்குப் பெயர்போன சுரங்கம். ஆர்செனேட்டுகளுக்கு ஸ்வாதோதுஷ்னா. மாதிரியின் அடிப்பாறை (படிகங்கள் ஒட்டியிருக்கும் பாறை) மைகா மினுங்கும் சிஸ்ட் என்ற அடுக்குப் பாறை, அதுவும் ஸ்வாதோதுஷ்னாவையே காட்டுகிறது. இரண்டு சுரங்கமும் ஒரே ஊர்ப் பெயரில் வருவதால் வியாபாரத்தில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. யூக்ரோயைட் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சில, அவற்றில் பல்கேரியாவின் ஜபாசித்சாவும் ஒன்று. இப்படிப்பட்ட கனிமத்தில் சுரங்கத்தின் பெயர் தவறினால் மாதிரியின் அறிவியல் மதிப்பில் பாதி போய்விடும்.

பராமரிப்பு அட்டையையும் விட்டுவிட முடியாது. வெதுவெதுப்பான நீரில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவவும், வெள்ளைப் படிவு இருந்தால் வினிகர் தடவவும், பிறகு விளக்கின் கீழ் காயவைக்கவும் என்கிறது அது. இதை எழுதியவர் குவார்ட்ஸுக்கு எழுதிய அட்டையை எடுத்து அப்படியே மாற்றி ஒட்டியிருக்க வேண்டும். யூக்ரோயைட் நொறுங்கும் தன்மை உள்ளது. அல்ட்ராசோனிக் அதிர்வில் படிகங்கள் அடிப்பாறையிலிருந்து கழன்றுவிடும். வெள்ளைப் படிவான கால்சைட்டைக் கரைக்க விடும் அமிலம் ஆர்செனேட்டையும் அரிக்கும், படிக முகங்கள் மங்கிப்போகும், கரைசலில் ஆர்செனிக் இறங்கும். அந்தக் கரைசலை வாடிக்கையாளர் எங்கே கொட்டுவார் என்று யோசித்தீர்களா? மென்மையான உலர்ந்த தூரிகையும் ரப்பர்க் குமிழ் ஊதுகருவியும் போதும், அதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது.

மாதிரிகளை அக்ரிலிக் தட்டில் சூடான பசையால் ஒட்டியிருக்கிறீர்கள். முதல் மாதிரியில் பசை வழிந்து தொட்ட இரண்டு படிகங்களில் குறுக்கே மயிரிழை விரிசல்கள். நீர் ஏறிய, நொறுங்கும் தன்மை உள்ள கனிமத்தின் அருகே சூட்டைக் கொண்டுபோகவே கூடாது. சூடில்லாத, பின்னர் பிரித்தெடுக்கக்கூடிய ஒட்டும் பொருளை அடிப்பாறையில் மட்டும் வைத்தால் போதும். சுற்றிலும் பஞ்சு வைத்திருந்ததும் தவறு: இழைகள் படிக முனைகளில் சிக்கி, பிரிக்கும்போது முனைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தன.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைத்தது ஒரு விடுபடல். பையைத் திறந்தபோது அடியில் பச்சைத் தூள் இருந்தது. ஒரு கிராம் யூக்ரோயைட்டில் 222 மில்லிகிராம் ஆர்செனிக் உண்டு, ஒலிவெனைட்டில் 265. உறையிலோ லேபிளிலோ அட்டையிலோ 'ஆர்செனிக்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. முழுப் படிகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதால் பெரிய தீங்கு வராது. தூள் அப்படி அல்ல. மேசையில் தட்டிவிட்டு வாயால் ஊதுவது யாரும் யோசிக்காமல் செய்யும் காரியம். ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போட்டு, கையைச் சோப்பால் கழுவ வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனரில் உறிஞ்சினால் நுண்தூள் அறை முழுக்கப் பரவும். குழந்தைகள் கைக்கு எட்டாத மூடிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். இந்த ஐந்து வரிகளை அட்டையில் அச்சிடுவது பெரிய செலவு அல்ல.

ஆகவே கேட்கிறோம். மூன்றாம் எண் மாதிரிக்கு முழுப் பணத்தையும், திருப்பி அனுப்பும் செலவையும் தர வேண்டும். இரண்டாவதற்கு எக்ஸ்ஆர்டி முடிவுடன் கூடிய யூக்ரோயைட் மாற்று மாதிரி தர வேண்டும், அல்லது 'யூக்ரோயைட் உருவில் ஒலிவெனைட்' என்று திருத்திய லேபிளும் விலை வித்தியாசமும் தர வேண்டும், எதுவானாலும் சம்மதமே. முதல் மாதிரிக்கு, யாரிடமிருந்து எந்தச் சுரங்கப் பெயரோடு வாங்கினீர்கள் என்ற உங்கள் கொள்முதல் பதிவின் நகல் வேண்டும். ஊகத்தில் ஸ்வாதோதுஷ்னா என்று மாற்றி அச்சிட்டு அனுப்ப வேண்டாம், அது இன்னொரு தவறாகிவிடும். இதே தொகுப்பிலிருந்து வாங்கிய மற்றவர்களுக்கும் ஆர்செனிக் எச்சரிக்கையை உடனே அனுப்புங்கள். பராமரிப்பு அட்டையை இன்றே நிறுத்துங்கள்.

எங்கள் நிறுவைக் குறிப்புகளையும் எக்ஸ்ஆர்டி வரைபடத்தையும் பசை பட்ட படிகங்களின் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். இரண்டு, மூன்றாம் எண் மாதிரிகளை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், தூள் சிந்தாதபடி கட்டி வைத்திருக்கிறோம். எந்த முகவரிக்கு, எந்தக் கூரியர் வழியாக அனுப்ப வேண்டும் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். கூரியருக்குக் கொடுக்கும் விவரப் படிவத்தில் 'ஆர்செனிக் உள்ள கனிமம்' என்று நாங்கள் எழுதத்தான் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்கள்