வாசிகசாலைப் பின்னறைக்குப் பொருளும் கதையும் தாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இறுதிப் போரில் சாதாரண சனம் செய்ததை நினைவில் வைக்கப் பின்னறையைத் துப்புரவாக்கி அலுமாரியும் வைத்தாயிற்று, இனி உள்ளே வைக்கத்தான் ஏதாவது வேண்டும். பெரிய ஆட்களின் படங்கள் வேண்டாம், அவை எல்லா இடத்திலும் இருக்கின்றன.

2009 மாசியில் முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி, செல் (எறிகணை) விழுந்து, கடற்கரையோரப் புதுமாத்தளனுக்கு இடம்பெயர்ந்த பிறகு மருத்துவர்களைப் பற்றியாவது வெளியில் கொஞ்சம் பேசினார்கள். சேலைன் போத்தலைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே நின்ற தொண்டர், இரத்தம் கழுவினவர், கூறைச்சேலையையும் விடாமல் வெட்டிப் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைத்த அம்மாமார் பற்றி ஆர் எழுதினது? செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் கடலில் தள்ளி நிற்க, காயப்பட்டவர்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்ததும் எங்கடை கடற்றொழிலாளர்தான். மாசி முதல் வைகாசி வரை அப்படிப் போனவர்கள், கூடப்போன உறவினரோடு சேர்த்து, கிட்டத்தட்ட 14,000 பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு, துருப்பிடித்த கத்தரிக்கோல், கஞ்சி வார்த்த அகப்பை, எதுவென்றாலும் தாருங்கள். தர மனமில்லையா, படம் எடுத்து அனுப்பினால் போதும். பெயர் போட வேண்டாமென்றால் போடமாட்டோம். வயதானவர்களிடம் நாங்களே பின்னேரம் வந்து குரல் பதிவு செய்வோம், பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம்.

செல் கோது, வெடிபொருள் மாதிரி எதையும் தொடவே கூடாது, கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு அறிவியுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இந்தக் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் தேடிப்பிடிக்க ஏலாது.